எஞ்சின் மாற்றிய ஜிப்சி மலையேறும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது?

ஒருவர் அனுப்பிய கேள்வி இதுதான். 2004 மாடல் மாருதி ஜிப்சி. அதில் இருந்த 1.3 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, பழைய பெலினோ காரின் 1.6 லிட்டர் ஜி16பி எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து ஏற்றியிருக்கிறார். சிலிண்டர் போரிங், 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், ஹெட் ஃபேஸிங் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), புது கேஸ்கெட் (ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) எல்லாம் ஆகிவிட்டது. ஓடியது 400 கிலோமீட்டர். பைபாஸ் ரோட்டில் 80-ல் போனால் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. ஊருக்குள் மெல்ல ஏறுகிறது. கொல்லிமலை ஏறினால் இருபது வளைவு தாண்டுவதற்குள் சிவப்பைத் தொட்டு, ரிசர்வ் டப்பா பொங்கி வழிகிறது. வண்டி ஆறிய பிறகும் டப்பாவில் இருக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்குத் திரும்புவதில்லை. மெக்கானிக் "புது எஞ்சின், டைட்டா இருக்கு, ஓட ஓட சரியாகிடும்" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டை, அதாவது கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வை, கழற்றிவிட்டார். அதன்பின் இன்னும் மோசம். புது அலுமினிய ரேடியேட்டரும் போட்டாயிற்று, பலன் இல்லை. அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். மலைப் பக்கமும் போக வேண்டாம். ஜி16பி-க்கு ஹெட், பிளாக் இரண்டுமே அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைய வாய்ப்பு உண்டு. வளைந்துவிட்டால் முதலில் இருந்த கோளாறு ஒன்று, அதனால் வந்த கோளாறு இன்னொன்று என்று இரண்டும் கலந்துவிடும். பிறகு எது அப்பன், எது பிள்ளை என்று தெரியாது.

உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. பைபாஸில் 80-ல் முள் நடுவில் நிற்கிறது என்கிறீர்களே, அதுதான். ஜிப்சி பெட்டி மாதிரி உடம்பு. 80-ல் காற்றைக் கிழித்துக்கொண்டு போக 12, 13 கிலோவாட் வரை வேண்டியிருக்கும். அதே வண்டி ஆளும் சாமானுமாக 1,300 கிலோ எடையோடு, நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் 40-ல் ஏறினாலும் கிட்டத்தட்ட அதே சக்திதான் வேண்டும். அதாவது எஞ்சின் கூலன்டில் கொட்டும் சூடு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்று. ரேடியேட்டருக்குள் புகும் எதிர்க்காற்று மட்டும் பாதி. கொண்டை ஊசி வளைவில் 15-க்கு இறங்கும்போது அதுவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டே சில சந்தேகங்களைத் தள்ளிவிடலாம். எஞ்சின் டைட்டாக இருப்பதால்தான் சூடாகிறது என்றால், உராய்வு ஆர்பிஎம்முக்குத் தகுந்தபடி கூடும். அப்படியானால் பைபாஸில் அரை மணி நேரம் 3,000 ஆர்பிஎம் பக்கம் ஓடும்போதும் முள் ஏறியிருக்க வேண்டும். புது பிஸ்டன் ரிங், புது சிலிண்டர் போர் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் முள் ஒரு நூல் மேலே நிற்கலாம், டப்பா பொங்காது. கூலன்டைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு பேரிங் இறுக்கம் இருந்தால் ஸ்டார்ட்டரே திணறும், சீக்கிரம் எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் அளவும் பெரிய சந்தேகம் இல்லை. வாட்டர் பம்ப், அதாவது ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் வாட்டர் பாடி, அதுவும் ஓரளவு தப்பித்தது. மீதி இருப்பவை விசிறிக் காற்று, ரேடியேட்டர் மூடியின் அழுத்தம், கழற்றிய தெர்மோஸ்டாட், உள்ளே மாட்டிய காற்று, ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட்டை மட்டும் பைபாஸ் சாட்சியை நம்பி விடுவிக்க முடியாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பீர்கள். சிலிண்டர் அழுத்தம் உச்சத்துக்குப் போகும் அந்த நேரத்தில் மட்டும் கசியும் கேஸ்கெட்டுகள் உண்டு.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். ஜிப்சி கேஜ், பெலினோ சென்டர் (கூலன்ட் சூட்டை உணர்ந்து கேஜ் முள்ளுக்குச் சொல்லும் பாகம்) என்று ஜோடி மாறியிருந்தால் இரண்டுக்கும் ஓம் கணக்கு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஜிப்சியின் பழைய சென்டரையே புது எஞ்சினில் மாட்டியிருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் அது குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் ஹவுஸிங்கில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியோ, கறுப்பு பெயின்ட் தொட்டு வைத்தோ அந்த இடத்தில் அளந்து பாருங்கள். முள் நடுவில் நிற்கும்போது எத்தனை டிகிரி, சிவப்பில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ-வுக்குப் போகும் சென்சார் வேறு. பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் அது 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் காட்டும். வெந்நீரில் போட்டு மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். உங்கள் வண்டியில் டப்பா பொங்குவதால் சூடு பொய்யில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் எண் இல்லாமல் மேலே போக முடியாது.

அடுத்தது கேஸ்கெட். இதை முதலிலேயே முடித்துவிடுவது நிம்மதி. காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் குமிழி வருவது மாட்டியிருந்த காற்றாக இருக்கலாம். ஐந்து நிமிடம் கழித்தும் சீராக வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், நல்ல செய்தி இல்லை. இன்னொரு சோதனை: மூடி போட்டு ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். கூலன்ட் சூடாகும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அது நீராவி அழுத்தம் அல்ல, எரிந்த வாயு உள்ளே புகுகிறது. உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை இருக்கிறது. கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ரேடியேட்டர் வாயில் மேலிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். எஞ்சினில் லோடு ஏறும்போது மட்டும் கசிகிற கேஸ்கெட், நின்ற வண்டியில் இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும். அதனால் ஒரு மேட்டில் ஏற்றி இறக்கி வந்த உடனே இன்னொரு தடவை செய்யுங்கள். மூடியைத் திறக்கும் முன் ஆற விடுங்கள். சூட்டோடு திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் லீக்டவுன். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்பது. நான்கில் எதில் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

புதிதாகக் கட்டிய எஞ்சினில் கேஸ்கெட் ஏன் கசிய வேண்டும்? நான் பார்த்த வரை பெரும்பாலும் லேத்தில் ஹெட்டை மட்டும் ஃபேஸிங் செய்துவிட்டு பிளாக்கின் மேல்பரப்பை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டீல் ரூல், ஃபீலர் கேஜ் வைத்தால் 0.05 மி.மீ. தகடு எங்கேயும் நுழையக்கூடாது. இன்னொன்று, போல்ட் துளைகள். பிளாக்கைக் கழுவிய தண்ணீரோ எண்ணெயோ துளையின் அடியில் தேங்கி நின்றால், போல்ட் அந்தத் திரவத்தின் மேல் உட்கார்ந்துவிடும். டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொல்லும், ஹெட் அமுங்கியிருக்காது. நூல் பிரியாத துணியை விட்டுத் துடைத்து, காற்றடித்து, உலர்ந்த பிறகுதான் போல்ட் இறங்க வேண்டும். கேஸ்கெட் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்பதும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டின் சிறிய வி8, அந்த 302 எஞ்சினில் இது ரொம்பப் பிரசித்தம். கேஸ்கெட்டில் முன்பக்கம் என்று அச்சிட்டே இருக்கும். திருப்பிப் போட்டால் கூலன்ட் பின்பக்கம் வரை போகாமல் முன்னாலேயே சுற்றித் திரும்பிவிடும், பின் சிலிண்டர்கள் வெந்துபோகும். அதே 302-ல் பழைய வி-பெல்ட் வண்டியின் வாட்டர் பம்ப் ஒரு திசையிலும், பின்னால் வந்த ஒற்றை நீள பெல்ட் வண்டியின் பம்ப் எதிர்த் திசையிலும் சுற்றும். பாகங்களைக் கலந்து எஞ்சின் மாற்றுகிறவர்கள் அங்கே கோட்டை விடுவது இதில்தான். உங்கள் வண்டியிலும் பெல்ட் போன வழி மாறியிருந்தால் பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

சரி, கேஸ்கெட் தப்பித்தது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவுக்குப் போன கூலன்ட் திரும்பாதது அடுத்த துப்பு. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு. ஒன்று அழுத்தம் கூடும்போது வெளியே விடும். மற்றொன்று ஆறும்போது திரும்ப உறிஞ்ச விடும். திரும்பவில்லை என்றால் மூடியின் ரப்பர், டப்பாவுக்குப் போகும் சின்ன ஹோஸில் ஒரு விரிசல், அல்லது டப்பாவுக்குள் அந்தக் குழாய் கூலன்டில் மூழ்காமல் தொங்குவது, இவற்றில் ஒன்று. நீங்கள் புதிதாகப் போட்ட அலுமினிய ரேடியேட்டரின் கழுத்தையும் பாருங்கள். வெளியில் செய்து வாங்கும் ரேடியேட்டரில் கழுத்து ஆழமும் மூடியின் நீளமும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். மூடி இறுகினது மாதிரியே இருக்கும், உள்ளே ஸ்பிரிங் சீட்டில் உட்கார்ந்தே இருக்காது.

உட்காராவிட்டால் என்ன ஆகும்? 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூடக் கடல் மட்டத்தில் 118 டிகிரி பக்கம் போய்த்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் 100. கொல்லிமலை மேலே 1,200 மீட்டர் உயரத்தில் 96. எஞ்சின் ஒழுங்காக ஓடும் சூடே 90-ஐ ஒட்டி இருக்கும்போது, 96-ல் கொதிக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது. ஹெட்டுக்குள் ஆவிக்குமிழி உண்டாகும், ஆவி கூலன்டைத் தள்ளும், டப்பா பொங்கும், உள்ளே அளவு குறையும், இன்னும் சூடாகும். நீங்கள் சொல்லும் காட்சி இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பிரஷர் டெஸ்டர் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் மூடியைத் தனியாகவும் ரேடியேட்டரோடு சேர்த்தும் பம்ப் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் கதைக்கு வருவோம். நம் ஊர் சூட்டுக்கு அது தேவையில்லை என்று கழற்றி வீசும் பழக்கம் எப்படியோ வேரூன்றிவிட்டது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு எஞ்சினுக்குள் இருக்கும் பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டரைத் தொடாமல் கூலன்ட் திரும்பும் குறுக்குவழியை, மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கழற்றிய பிறகு மோசமானது என்றால் ஒன்று இது, இல்லையென்றால் கழற்றும்போது இறங்கிய கூலன்டைத் திரும்ப ஊற்றியதில் காற்று மாட்டியது. நல்லதாக ஒன்று வாங்கி, போடும் முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். 82 என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, 95 பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும். அதில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள். காற்று வெளியேற அதுதான் வாசல்.

மாட்டிய காற்று எஞ்சின் மாற்றிய வண்டியில் தனித் தலைவலி. பெலினோவில் இந்த எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருந்தது. ஜிப்சியில் நெடுக்காக, சாய்வும் மாறி உட்கார்ந்திருக்கிறது. காற்று தங்கும் மேடும் அதோடு இடம் மாறும். ரேடியேட்டர் வாய் எஞ்சினின் உயரமான இடத்தைவிடத் தாழ்ந்திருந்தால், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் மேட்டில் காற்று நிற்கும். அங்கே சென்டர் இருந்தால் முள் குதிக்கும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் குழாயைத் திறந்துவிட்டு, புனல் வைத்து மெல்ல ஊற்றி, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும் வரை பொறுமை வேண்டும். உயரமான ஹோஸில் ஒரு சின்ன காற்றுத் திருகு வைத்துவிட்டால் இந்தப் பாடு ஒவ்வொரு தடவையும் இருக்காது. அப்புறம், போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ஹெட்டுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி போதும்.

இனி விசிறி. என் முதல் சந்தேகம் இதன்மேல்தான், கடைசியில் வைத்ததற்குக் காரணம் மற்றவை சீக்கிரம் முடியும் என்பதே. எனக்கும் இதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எஞ்சின் மாற்றிய என் ஜீப்புக்கு ஒரு எலக்ட்ரிக் விசிறி போட்டுக்கொடுத்தார்கள். ஐடிலில் சமாளித்தது. 80-லும் சமாளித்தது. 30, 40-ல் ஏற்றத்தில் மட்டும் கொதித்தது. இரண்டு ரேடியேட்டர் மாற்றினேன், ஒரு தடவை ஹெட்டைக்கூட இறக்கினேன். ஒரு நாள் மதியம் சும்மா நிற்கும்போது விசிறிக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டு பறந்து வெளியே போனது. ஒயர் இரண்டும் மாறியிருந்தது. எஞ்சின் பக்கம் இழுக்க வேண்டிய விசிறி கிரில் வழியாக வெளியே ஊதிக்கொண்டிருந்தது. நின்ற வண்டியில் அந்தத் தலைகீழ்க் காற்றே ஓரளவு குளிர வைக்கும். 80-ல் எதிர்க்காற்று விசிறியை வென்றுவிடும். 40-ல் இரண்டும் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும், ரேடியேட்டருக்குள் காற்றே இருக்காது.

எனவே விசிறி ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். அது ரேடியேட்டர்மேல் போய் ஒட்டிக்கொண்டு கீழே விழாமல் நிற்க வேண்டும். அடுத்து, விசிறி மோட்டாரின் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து இங்கே 11.5 வந்தால் ஒயர் மெலிது, அல்லது எர்த் சரியில்லை. ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், ஃபியூஸ், நல்ல எர்த் என்று இழுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. விசிறி எத்தனை டிகிரியில் ஓடத் தொடங்குகிறது என்பதையும் குறியுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் போய்த்தான் ஓடுகிறது என்றால் சுவிட்ச் தவறு.

ஷ்ரவுட், அதாவது விசிறியைச் சுற்றிய கூடு, இருக்கிறதா? விசிறியை ரேடியேட்டரின்மேல் நேராகக் கட்டிவிட்டால், இறக்கை தொடும் வட்டத்தில் மட்டும் காற்று போகும். நான்கு மூலையும் சும்மா கிடக்கும். தகட்டில் ஒரு பெட்டி மாதிரி மடித்து, ரேடியேட்டரின் முழு கோரையும் (காற்று புகும் வலைப்பகுதி) மூடி, நடுவில் விசிறி வைத்தாலே வித்தியாசம் தெரியும். புது ரேடியேட்டரைச் சுற்றி பாடிக்கும் அதற்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். அடைக்காவிட்டால் மெதுவாகப் போகும்போது எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து திரும்ப உள்ளே போகும். முன்னால் வின்ச், பெரிய பம்பர், நான்கு விளக்கு என்று அடுக்கியிருந்தால் ஒரு நாள் கழற்றிவிட்டு மேடேறிப் பாருங்கள். அழகு கொஞ்சம் குறையும்தான்.

பழைய ஜிப்சி மாதிரி பம்பில் மாட்டிய விஸ்கஸ் விசிறி (சூடானால் இறுகிப் பிடிக்கும் திரவக் கப்ளிங் உள்ளது) இருந்தால் சோதனை வேறு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றுங்கள். எதிர்ப்புக் கொடுக்க வேண்டும். காற்றாடி மாதிரி சுற்றினால் கப்ளிங் போய்விட்டது.

மிச்சம் இருப்பவை சின்னவை. கீழ் ஹோஸ் மெத்தென்று இருந்தால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பம்பின் இழுப்பில் சப்பிப்போகும். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் 3,500 வரை கொடுத்தால் தெரிந்துவிடும். ஜிப்சி ரேடியேட்டர் வாயும் பெலினோ எஞ்சின் வாயும் ஒரே அளவு இல்லை என்று நடுவில் குறுகலான பைப் சொருகியிருந்தால் மாற்றுங்கள். அசெம்பிளியில் தாராளமாகப் பூசிய சிலிக்கான் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாகப் பிய்ந்து, ரேடியேட்டர் குழாய்களின் வாயில் போய் உட்காருவதும் உண்டு. டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியிருந்தாலோ, இக்னிஷன் தாமதமானாலோ, பெட்ரோல் பற்றாமல் ஓடினாலோ கூடுதல் சூடு வரும். ஆனால் வண்டி இழுக்காது, மைலேஜ் விழும், இருட்டில் மேனிஃபோல்டு சிவந்து தெரியும். நீங்கள் இழுவையைப் பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஒரு அளவு மட்டும் கட்டாயம் எடுங்கள். ஊருக்குள் முள் ஏறும் நேரத்தில் ரேடியேட்டரின் உள்வாயிலும் வெளிவாயிலும் வெப்பமானியை அடித்துப் பாருங்கள். வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதான் என்றால் கூலன்ட் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை. 20-க்கு மேல் என்றால் ரேடியேட்டர் வேலை செய்கிறது, கூலன்ட்தான் மெதுவாக ஓடுகிறது. கோரின்மேலும் குறுக்கே அடித்துப் பாருங்கள், நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு.

டிஷ்யூ தாள், மூடி பிரஷர், இந்த வித்தியாசம், மூன்றும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். முடித்ததும் எண்களைச் சொல்லுங்கள். விசிறி நேராக ஓடி, மூடி பிடித்து, வித்தியாசமும் ஏழெட்டு டிகிரி இருந்து, அப்போதும் டப்பா பொங்கினால் அடுத்தது லீக்டவுன்தான். அதற்கு முன் ஹெட்டை இறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.